சுயேச்சையாக ஒரு சீசன்: வாசகர் கேள்வி – பதில்

கான்ஃபரன்ஸ் எதிலும் சேராத அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணிகள் பற்றிய கேள்விகளுக்கு இந்த முறை இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஃபுட்பால் என்று இங்கே சொல்வது நம்மூர்க் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம்.

கேள்வி: தரவரிசைப் பட்டியலில் எல்லா அணிகளும் ஏதோ ஒரு கான்ஃபரன்ஸின் கீழ் இருக்க, நோட்டர் டேம், யூகான் என்ற இரண்டு மட்டும் ‘சுயேச்சை’ என்று ஒதுங்கி நிற்கின்றனவே, ஏன்? (வாசகர், சென்னை)

கான்ஃபரன்ஸ் என்பது பல கல்லூரிகள் சேர்ந்து வைத்துக்கொள்ளும் கூட்டமைப்பு. உறுப்பினர்களுக்குள் 8 அல்லது 9 ஆட்டங்களை அதுவே நிர்ணயிக்கும். டிவி உரிமையை மொத்தமாக விற்றுப் பணத்தைப் பங்கிடும். டிசம்பர் தொடக்கத்தில் ஓர் இறுதியாட்டம் வைத்துச் சாம்பியனை அறிவிக்கும். சீசன் முடிந்து நடக்கும் ‘பவுல்’ ஆட்டங்களில் தன் அணிகளுக்கு இடம் பேசி வைத்திருக்கும். சுயேச்சை அணிக்கு இவை எல்லாம் தன் தலையில்.

2025 சீசனில் மேல்மட்டப் பிரிவில் 136 அணிகள் ஆடின. அதில் சுயேச்சை இந்த இரண்டுதான்: இண்டியானா மாநிலத்தின் நோட்டர் டேம், கனெக்டிகட் பல்கலைக்கழகமான யூகான். இரண்டுமே மற்ற விளையாட்டுகளில் கான்ஃபரன்ஸ் உறுப்பினர்கள் என்பதைக் கவனியுங்கள். நோட்டர் டேம் பெரும்பாலான விளையாட்டுகளில் ஏ.சி.சி., ஐஸ் ஹாக்கியில் மட்டும் பிக் டென். யூகான் பிக் ஈஸ்ட். ஃபுட்பாலில் மட்டும் தனி வழி. அதிலும் நோட்டர் டேம் விரும்பித் தனியாக நிற்கிறது. யூகான் கூடைப்பந்துக்காகத் தனியாக நிற்கிறது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

கேள்வி: கான்ஃபரன்ஸ் இல்லாமல் 12 எதிரணிகளை எப்படிப் பிடிக்கிறார்கள்? யாரிடம் கேட்பார்கள், எப்போது கேட்பார்கள்? (வாசகர், கோயம்புத்தூர்)

சுயேச்சை அணியின் தலையெழுத்தை ஆடுகளத்தைவிட அதிகமாக இந்த அட்டவணைதான் எழுதுகிறது என்பது எங்கள் எண்ணம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமையில் தொடங்கி நவம்பர் கடைசி சனிக்கிழமைக்குள் 12 ஆட்டம், நடுவே ஒன்றிரண்டு ஓய்வு வாரம். கான்ஃபரன்ஸ் அணியின் விளையாட்டு இயக்குநர் மூன்று அல்லது நான்கு ஆட்டங்களுக்கு எதிரணி தேடினால் போதும். சுயேச்சை அணியின் இயக்குநர் பன்னிரண்டுக்கும் தேட வேண்டும். அதில் குறைந்தபட்சம் 5 ஆட்டங்களாவது சொந்த மைதானத்தில் இருக்க வேண்டும். மேல்மட்டப் பிரிவில் நீடிக்க அது நிபந்தனை.

முதல் வேலை, மாறாத எதிரணிகளைத் தேதியில் பூட்டுவது. நோட்டர் டேமுக்குக் கடற்படை அகாடமி (நேவி) அப்படி ஒன்று: 1927-இல் தொடங்கி, 2020 தவிர, ஆண்டு தவறாத தொடர். அடுத்து ‘இருமுனை ஒப்பந்தம்’: இந்த ஆண்டு உங்கள் மைதானம், இன்னோர் ஆண்டு எங்கள் மைதானம். இதைப் பெரிய அணிகள் ஐந்து, பத்து ஆண்டுகள் முன்கூட்டியே எழுதிவிடுகின்றன. கிளெம்சனும் நோட்டர் டேமும் 2027 முதல் 2038 வரை ஆண்டுக்கொன்றாக 12 ஆட்டங்களுக்கு 2025-லேயே ஒப்புக்கொண்டுவிட்டன. எதிரணி நம்மைவிடப் பெரியது என்றால் ஒன்றுக்கு ஒன்று கிடைக்காது; அவர்கள் ஊரில் இரண்டு, நம் ஊரில் ஒன்று என்று பேரம் இறங்கும்.

மூன்றாவது வகை, பணம் கொடுத்து எதிரணியை வரவழைப்பது. திரும்பிப் போய் ஆட வேண்டியதில்லை. தொகை பெரும்பாலும் 10 லட்சம் டாலரைத் தாண்டும். நோட்டர் டேம் 2024-இல் நார்தர்ன் இல்லினாயை இப்படி 14 லட்சம் டாலர் கொடுத்து வரவழைத்தது. பணத்தையும் கொடுத்து ஆட்டத்தையும் 16–14 என்று கொடுத்தார்கள் என்பது வேறு கதை. வசதி குறைந்த சுயேச்சை அணி இதே ஒப்பந்தத்தின் மறுமுனையில் இருக்கும்: செப்டம்பரில் இரண்டு பெரிய மைதானங்களுக்குப் போய் அடி வாங்கி, அந்தக் காசோலையில் ஆண்டு வரவு செலவைச் சரிக்கட்டும்.

ஒப்பந்தத்தில் தேதி, வருகிற அணியின் ரசிகர்களுக்கு எத்தனை டிக்கெட், நடுவர்களை யார் அனுப்புவது, ஆட்டத்தை ரத்து செய்தால் எவ்வளவு இழப்பீடு ஆகியவை இருக்கும். கடைசி ஷரத்தைத்தான் இரண்டு முறை படிக்க வேண்டும். இழப்பீட்டுத் தொகை சின்னதாக இருந்தால், நல்ல வாய்ப்பு வந்ததும் எதிரணி அதைக் கட்டிவிட்டு நழுவிவிடும். உங்கள் கையில் பணம் இருக்கும், சனிக்கிழமை காலியாக இருக்கும்.

உண்மையான தலைவலி அக்டோபரும் நவம்பரும். கான்ஃபரன்ஸ் அணிகள் தங்கள் வெளி ஆட்டங்களைப் பெரும்பாலும் செப்டம்பரிலேயே முடித்துக்கொண்டு, பிறகு தங்களுக்குள் ஆடப் போய்விடும். செப்டம்பரில் எதிரணி கேட்டால் பத்துப் பேர் வருவார்கள். நவம்பர் 8 அன்று கேட்டால் யாரும் இல்லை. இதற்குச் சுயேச்சைகள் கண்ட வழிகள் சில. ஒன்று, தங்களுக்குள் ஆடுவது. லிபர்ட்டியும் நியூ மெக்சிகோ ஸ்டேட்டும் 2018-இல் ஒரே சீசனில் இரண்டு முறை மோதின, 2019-லும் அப்படியே. பார்க்க விநோதம், ஆனால் இரண்டு தேதிகள் நிரம்பின. இன்னொன்று, எட்டுக் கான்ஃபரன்ஸ் ஆட்டம் மட்டும் ஆடிவந்த எஸ்.இ.சி. என்ற கான்ஃபரன்ஸின் அணிகள் நவம்பரில் ஒரு சனிக்கிழமையை எளிய எதிரணிக்கு ஒதுக்கும் வழக்கம். அப்போது சுயேச்சையாக இருந்த யூமாஸ் (மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம்) 2024 நவம்பர் 23 அன்று ஜார்ஜியாவுக்குப் போய் 59–21 என்று தோற்றது அந்த இடத்தில்தான். எஸ்.இ.சி. 2026 முதல் ஒன்பது ஆட்டத்துக்கு மாறுவதால் இந்தக் கதவும் ஒடுங்குகிறது.

நோட்டர் டேம் இந்தச் சிக்கலை ஏ.சி.சி.யுடன் செய்த ஏற்பாட்டில் தீர்த்துக்கொண்டது. ஆண்டுக்குச் சராசரியாக 5 ஏ.சி.சி. அணிகளுடன் ஆட வேண்டும் என்பது உடன்பாடு. அதைப் பலர் விட்டுக்கொடுத்தலாகப் பார்க்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பின்பாதிச் சீசனுக்கு நிச்சயமான எதிரணிகள் கிடைப்பதுதான் அதில் பெரிய லாபம்.

அப்படியும் எல்லாம் கைக்குள் இல்லை. தெற்குக் கலிஃபோர்னியாவுடன் 1926-இல் தொடங்கிய புகழ்பெற்ற தொடர், அந்த அணி பிக் டென்னுக்குப் போனபின் ஆட்டத்தை எந்த மாதத்தில் வைப்பது என்பதில் உடன்பாடு வராமல் 2025-உடன் நின்றிருக்கிறது. தேதி என்பது அவ்வளவு பெரிய விஷயம்.

கேள்வி: ஒப்புக்கொண்ட எதிரணி சீசன் நடுவில் கைவிட்டால் என்ன செய்வார்கள்? (வாசகர், சிங்கப்பூர்)

பிரிகாம் யங் பல்கலைக்கழக (பி.ஒய்.யு.) அணியின் 2020 சீசனைப் பாருங்கள். கொரோனாவால் பெரிய கான்ஃபரன்ஸ்கள் ‘இனி எங்களுக்குள் மட்டும் ஆட்டம்’ என்று அறிவித்தன. அப்போது சுயேச்சையாக இருந்த பி.ஒய்.யு.வின் அட்டவணையில் யூட்டா, மிச்சிகன் ஸ்டேட், அரிசோனா ஸ்டேட், மினசோட்டா, ஸ்டான்ஃபர்ட் என்று பெரிய பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன. கோடையில் புதிதாக ஒரு சீசனையே தைத்தார்கள். முதல் ஆட்டத்தில் கடற்படை அகாடமியை 55–3 என்று வென்று, தோல்வியே இல்லாமல் டிசம்பருக்கு வந்தார்கள்.

ஆனால் எதிரணிகள் பலம் குறைந்தவை என்பதால், பட்டப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் தரவரிசைக் குழு அவர்களைப் பெரிதாக மதிக்கவில்லை. அதற்கு மருந்தாக, டிசம்பர் 3, வியாழக்கிழமை ஓர் ஆட்டத்தை அறிவித்து 5-ஆம் தேதி சனிக்கிழமை ஆடினார்கள். எதிரணி அப்போது தோல்வி காணாத கோஸ்டல் கரோலினா. அவர்கள் ஆட வேண்டியிருந்த லிபர்ட்டிக்குத் தொற்று வந்ததால் தேதி காலி. கடைசி முயற்சியில் பி.ஒய்.யு. ஆட்டக்காரர் கோல் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் மடக்கப்பட, 22–17 என்று தோல்வி. அந்தச் சீசனை 11–1 (11 வெற்றி, 1 தோல்வி) என்று முடித்தார்கள்.

இரண்டே நாளில் ஓர் ஆட்டம் சாத்தியம் என்றால், கான்ஃபரன்ஸ் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை என்பதால்தான். சுயேச்சைக்கு இருக்கிற நிஜமான சுதந்திரம் இதுதான். எதிரணியை நன்றாகப் படித்துத் தயாராக மட்டும் நேரம் இருக்காது.

கேள்வி: சுயேச்சை அணிக்குக் கோப்பை உண்டா? (வாசகி, தஞ்சாவூர்)

கான்ஃபரன்ஸ் கோப்பை கிடையாது. தேசிய சாம்பியன் பட்டம் உண்டு. நோட்டர் டேம் 11 கணக்குச் சொல்கிறது, கடைசியாக 1988.

கேள்வி: நோட்டர் டேம் 2024-இல் ஒரு சாதாரண அணியிடம் தோற்றும் இறுதியாட்டம் வரை போனது எப்படி? கான்ஃபரன்ஸில் இருந்திருந்தால் இன்னும் எளிதாக இருந்திருக்குமா? (வாசகர், மதுரை)

முதல் ஆட்டத்தில் டெக்ஸஸ் ஏ&எம் மைதானத்துக்கே போய் 23–13 என்று வென்றார்கள். ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 7, சொந்த மைதானத்தில் நார்தர்ன் இல்லினாய். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ரைலி லெனர்ட் இரண்டு பந்துகளை எதிரணிக்குப் பறிகொடுத்தார். 31 நொடி இருக்கையில் எதிரணி 35 கெஜ ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடித்து முன்னேறியது. நோட்டர் டேம் கடைசியில் முயன்ற 62 கெஜ உதையைத் தடுத்துவிட்டார்கள்.

இங்கேதான் சுயேச்சையின் கணக்கு வேறு. தேசியப் பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகளான பிளேஆஃபில் 12 இடம். அதில் 5 இடம், தரவரிசையில் மேலே உள்ள ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு. மீதி 7 இடம் குழுவின் விருப்பத் தேர்வு. சுயேச்சைக்கு அந்த ஏழுதான் கதி. 2024-இல் கிளெம்சன் மூன்று தோல்வியோடு ஏ.சி.சி. சாம்பியனாகி உள்ளே வந்தது. நோட்டர் டேமுக்கு அந்தப் பின்வாசல் இல்லை. செப்டம்பர் இரண்டாம் வாரத்திலேயே, இன்னொன்று தோற்றால் கதை முடிந்தது என்ற நிலை.

மீதிப் பத்தையும் வென்றார்கள். பர்டூ 66–7, ஃபுளோரிடா ஸ்டேட் 52–3, நியூயார்க் யாங்கி மைதானத்தில் அதுவரை தோல்வி காணாத, ராணுவ அகாடமியின் அணியான ஆர்மியுடன் 49–14, கடைசியில் தெற்குக் கலிஃபோர்னியா 49–35. இதில் பர்டூவின் 66-ஐ யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழு மதித்தது முதல் வாரத்து டெக்ஸஸ் ஏ&எம் வெற்றியையும் ஆர்மி வெற்றியையும்தான். கான்ஃபரன்ஸ் இறுதியாட்டம் இல்லாத அணிக்கு, எதிரணிகள் டிசம்பர் வரை நன்றாக ஆடிக்கொண்டிருப்பது முக்கியம். நாம் வென்ற அணி பின்னால் சரிந்தால் நம் வெற்றியின் எடையும் குறையும்.

11–1 என்ற கணக்கில் 7-ஆம் இடம். அந்த ஆண்டு விதிப்படி முதல் நான்கு இடங்களும் முதல் சுற்று ஓய்வும் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு மட்டும். நோட்டர் டேம் 12–0 என்று முடித்து முதல் தரத்தில் இருந்திருந்தாலும் ஐந்தாம் இடத்துக்கு மேல் போயிருக்க முடியாது. ஆனால் இந்தப் பாதகம் அவ்வளவு பாதகமாக அமையவில்லை. டிசம்பர் 20 அன்று சொந்த மைதானத்தில் இண்டியானாவை 27–17 என்று வென்றார்கள். ஜெரமையா லவ் தொடக்கத்திலேயே 98 கெஜம் ஓடி அடித்த டச்டவுனை (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) அந்த ஊர் மறக்காது. அடுத்து ஷுகர் பவுலில் ஜார்ஜியா 23–10, ஆரஞ்சு பவுலில் பென் ஸ்டேட் 27–24. பின்னதில் 7 நொடி இருக்கையில் மிட்ச் ஜீட்டர் 41 கெஜத்திலிருந்து உதைத்து வென்று தந்தார். 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டா இறுதியாட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட் 34–23 என்று முடித்து வைத்தது. முதல் சுற்று ஓய்வு கிடைத்த நான்கு அணிகளும், ஓரிகன், ஜார்ஜியா, போய்சி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட், தங்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கான்ஃபரன்ஸில் இருந்திருந்தால் எளிதா? உள்ளே வர எளிது. உள்ளே வந்தபின் வித்தியாசம் இல்லை. மொத்தம் 16 ஆட்டம் ஆடினார்கள்; பக்கவாட்டுத் தடுப்பாளரான கார்னர்பேக் பெஞ்சமின் மாரிசன், தடுப்பு வரிசையின் ரைலி மில்ஸ் என்று முக்கியமானவர்களைக் காயத்தில் இழந்துகொண்டே. கான்ஃபரன்ஸ் இறுதியாட்டமும் இருந்திருந்தால் பதினேழு ஆகியிருக்கலாம்.

கேள்வி: தனியாக இருப்பதில் அப்படி என்ன பணம்? (வாசகர், துபாய்)

நோட்டர் டேமுக்கு மட்டும்தான் பணம். மற்றவர்களுக்குத் தனிமை செலவு.

1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், டிவி ஒளிபரப்பைக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு தன் கையில் வைத்திருந்ததைச் செல்லாது என்று 7–2 பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதன்பின் பெரிய கல்லூரிகள் கூட்டாக விற்றுவந்தன. நோட்டர் டேம் 1990-இல் அந்தக் கூட்டிலிருந்து வெளியேறி, சொந்த மைதான ஆட்டங்களை ஐந்தாண்டுக்கு 3 கோடியே 80 லட்சம் டாலருக்கு என்.பி.சி. டிவிக்கு விற்றது. 1991-இல் தொடங்கிய அந்த உறவு 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

பிளேஆஃப் பரிசுப் பணமும் இப்படியே. 2024-இல் முதல் சுற்றுக்கு வந்ததற்கு 40 லட்சம் டாலர், காலிறுதிக்கு 40 லட்சம், அரையிறுதிக்கு 60, இறுதிக்கு 60. ஆக 2 கோடி டாலர். மற்ற அணிகள் வென்றால் பணம் கான்ஃபரன்ஸுக்குப் போகும். நோட்டர் டேம் முழுதையும் தானே வைத்துக்கொண்டது. எதிர்ப்பக்கமும் உண்டு: பிளேஆஃபுக்கே வராத ஆண்டில், சக உறுப்பினர் வென்ற பணத்தில் பங்கு என்று ஒரு காசும் வராது.

ஒரே ஒரு முறை கான்ஃபரன்ஸில் நுழைந்து பார்த்தார்கள். 2020-இல் அட்டவணை குலைந்ததும் ஏ.சி.சி.யில் ஓராண்டு முழு உறுப்பினராக ஆடினார்கள். அதற்கு விலையாக என்.பி.சி. பணத்தையும் எல்லோரோடும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. இறுதியாட்டத்தில் கிளெம்சனிடம் 34–10 என்று தோல்வி. அடுத்த ஆண்டே பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

கேள்வி: 2025-இல் பத்து ஆட்டங்களைத் தொடர்ந்து வென்ற நோட்டர் டேமைப் பிளேஆஃபுக்கு வெளியே நிறுத்தியது அநியாயம் இல்லையா? (வாசகர், டொரன்டோ)

கோபம் புரிகிறது. தீர்ப்பு அநியாயம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

நடந்தது இது: முதல் ஆட்டம் மயாமி, 27–24 தோல்வி. இரண்டாவது டெக்ஸஸ் ஏ&எம், 41–40 தோல்வி. இரண்டாவதில், டச்டவுனுக்குப் பிறகான ஒற்றைப் புள்ளி உதைக்குப் பந்தைப் பிடித்து நிறுத்துவதில் கோளாறாகி அந்தப் புள்ளி போனது. முன்னிலை 40–34-இலேயே நின்றது. 13 நொடி இருக்கையில் எதிரணி டச்டவுனும் உதையும் அடித்து முடித்துவிட்டது. இரண்டு தோல்விக்கும் சேர்த்து வித்தியாசம் 4 புள்ளி. பிறகு பத்தும் வெற்றி, பெரும்பாலும் பெரிய வித்தியாசத்தில்.

குழுவின் வாராந்திரப் பட்டியல்களில் மயாமி ஒவ்வொரு முறையும் நோட்டர் டேமுக்குக் கீழேதான் இருந்தது. இடையே பி.ஒய்.யு. இருந்ததால் இருவரையும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டிய தேவை வரவில்லை. கடைசி வாரம் பி.ஒய்.யு. பிக் 12 இறுதியாட்டத்தில் 34–7 என்று தோற்றுக் கீழே இறங்கியதும், மயாமியும் நோட்டர் டேமும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. சம தோல்வி, நேரடி ஆட்டத்தில் மயாமி வெற்றி. மயாமி 10, நோட்டர் டேம் 11. டுலேன், ஜேம்ஸ் மேடிசன் இரண்டும் கான்ஃபரன்ஸ் சாம்பியன் ஒதுக்கீட்டில் வந்ததால், 11-ஆம் இடத்துக்கு வாசல் அடைத்துவிட்டது. அந்த வாரம் நோட்டர் டேம் ஆடவே இல்லை. வீட்டில் இருந்தே கீழே இறங்கியது.

குறை சொல்ல வேண்டுமானால் அட்டவணையைச் சொல்லலாம். பலமான இரண்டு எதிரணிகளும் முதல் இரண்டு ஆட்டங்களில். புது குவார்ட்டர்பேக்குடன் அணி பழகுவதற்குள் சோதனை முடிந்துவிட்டது. அக்டோபர், நவம்பரில் தரவரிசையைத் தூக்கிவிடும் ஆட்டம் தெற்குக் கலிஃபோர்னியாவைத் தவிர ஒன்றும் இல்லை. சிராக்யூஸை 70–7 என்று வென்றதற்குக் குழு தனி மதிப்பெண் போடவில்லை.

அதன்பின் பவுல் அழைப்பையும் நோட்டர் டேம் மறுத்தது. அது எங்களுக்குச் சரியாகப் படவில்லை; இளைய ஆட்டக்காரர்களுக்கு இன்னும் சில வாரப் பயிற்சி கிடைத்திருக்கும். 2026 முதல் குழுவின் முதல் 12-க்குள் வந்தால் நோட்டர் டேமுக்கு இடம் உறுதி என்று உடன்பாடு இருக்கிறது. 11-ஆம் இடத்தில் நின்று வெளியே போகும் நிலை இனி வராது.

கேள்வி: யூகான் ஏன் நல்ல கான்ஃபரன்ஸை விட்டு வெளியே வந்தது? (வாசகி, நியூ ஜெர்சி)

கூடைப்பந்துக்காக. அந்தக் கல்லூரியின் பெருமை ஆண்கள், பெண்கள் கூடைப்பந்து இரண்டிலும் இருக்கிறது. பழைய போட்டியாளர்கள் பிக் ஈஸ்டில். இன்றைய பிக் ஈஸ்டில் ஃபுட்பால் கிடையாது. 1 கோடியே 70 லட்சம் டாலர் வெளியேறும் கட்டணம் கொடுத்து 2020-இல் அமெரிக்கன் கான்ஃபரன்ஸிலிருந்து வந்துவிட்டார்கள். ஃபுட்பால் சுயேச்சையானது.

தொடக்கம் பரிதாபம். 2020 சீசனே ரத்து. 2021-இல் 1–11, அந்த ஒரு வெற்றியும் கீழ்ப் பிரிவைச் சேர்ந்த யேல் மீது. ஜிம் மோரா பொறுப்பேற்ற 2022-இல் 6–6 என்று முடித்து பவுலுக்குப் போனார்கள். 2023-இல் மறுபடி 3–9. பிறகு 2024-இல் ஃபென்வே பவுலில் வட கரோலினாவை 27–14 என்று வென்று 9–4.

2024 அட்டவணையை எடுத்துப் பார்த்தால் காரணம் புரியும். மேரிலேண்ட், டியூக், வேக் ஃபாரஸ்ட், சிராக்யூஸ் என்று நான்கு பெரிய கான்ஃபரன்ஸ் அணிகள். நான்கிலும் தோல்வி, ஆனால் மூன்று தோல்வி ஏழு புள்ளிக்குள். மீதி டெம்பிள், ரைஸ், யு.ஏ.பி., பஃபலோ என்று தன் அளவு அணிகள், எட்டிலும் வெற்றி. சுயேச்சையாகத் தாக்குப்பிடிக்க நினைக்கும் சிறு அணிக்கு இந்த விகிதம் ஒரு நல்ல மாதிரி. பெரிய அணிகளை ஆறாக்கினால் பணம் வரும், அணி நவம்பருக்குள் காயத்தில் படுத்துவிடும்.

2025-இல் இன்னும் மேலே போய் 9–3. மூன்று தோல்வியும் கூடுதல் நேரத்தில். அந்த ஆண்டு ஏ.சி.சி. சாம்பியனான டியூக்கை 37–34 என்று வென்றார்கள். நல்ல சீசனுக்கு வழக்கமான தண்டனையும் கிடைத்தது: கோச் மோராவை கொலராடோ ஸ்டேட் தூக்கிக்கொண்டு போனது, அவர் இல்லாமல் ஆடிய ஃபென்வே பவுலில் ஆர்மியிடம் தோற்றார்கள்.

கேள்வி: பவுல் ஆட்டத்துக்குத் தகுதி என்ன? (வாசகர், ஈரோடு)

12-இல் 6 வெற்றி. கீழ்ப் பிரிவு அணி மீதான வெற்றிகளில் ஒன்று மட்டும் கணக்கில் சேரும். தேதி நிரம்பவில்லை என்று இரண்டு கீழ்ப் பிரிவு அணிகளைப் போட்டுக்கொண்டால் நடைமுறையில் 7 வெற்றி தேவை. ஆறு வெற்றி பெற்றாலும் சுயேச்சைக்கு இடம் தானாக வராது. கான்ஃபரன்ஸ்களுக்கு ஒதுக்கிய இடம் மிஞ்சினால்தான், அல்லது பவுல் அமைப்பாளருடன் முன்பே தனியாகப் பேசி வைத்திருந்தால்தான். பேசி வைப்பது நல்லது.

கேள்வி: ஒரு காலத்தில் நிறையச் சுயேச்சைகள் இருந்தனவாமே? (வாசகர், யாழ்ப்பாணம்)

1982 முதல் 1989 வரை எட்டுத் தேசிய சாம்பியன்களில் ஆறு சுயேச்சை: பென் ஸ்டேட் இரண்டு, மயாமி மூன்று, நோட்டர் டேம் ஒன்று. டிவி பணம் கான்ஃபரன்ஸ் வழியாக ஓடத் தொடங்கியதும் கலைந்தார்கள். மயாமி 1991-இல் அப்போது ஃபுட்பாலும் நடத்திய பிக் ஈஸ்டுக்கு, ஃபுளோரிடா ஸ்டேட் 1992-இல் ஏ.சி.சி.க்கு, பென் ஸ்டேட் 1993-இல் பிக் டென்னுக்கு. இந்த நூற்றாண்டில் கான்ஃபரன்ஸில் சேர்ந்தவர்கள்: நேவி 2015, பி.ஒய்.யு., லிபர்ட்டி, நியூ மெக்சிகோ ஸ்டேட் மூன்றும் 2023, ஆர்மி 2024, யூமாஸ் 2025. இவர்களில் ஆர்மி சேர்ந்த முதல் ஆண்டே தன் கான்ஃபரன்ஸின் சாம்பியன்.

கேள்வி: மகன் இண்டியானாவில் படிக்கிறான், ஆட்டம் பார்க்கச் சொல்கிறான். அட்டவணையைப் பார்த்ததும் எது கடினமான வாரம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கே எத்தனை மணிக்கு விழித்திருக்க வேண்டும்? (வாசகி, திருநெல்வேலி)

முதலில், எதிரணிக்கு முந்தைய வாரம் ஓய்வா என்று பாருங்கள். இரண்டு வாரம் தயாராகி வருகிற சாதாரண அணி, நல்ல அணியைத் திணறடிக்கும். அடுத்து, நேவி அல்லது ஆர்மி எந்த வாரம் என்று பாருங்கள். அவர்கள் ‘டிரிபிள் ஆப்ஷன்’ வகை ஓட்ட ஆட்டத்தில் ஊறியவர்கள். குவார்ட்டர்பேக் பந்தை நடுவில் ஓடுபவரிடம் தருவதா, தானே ஓடுவதா, பக்கவாட்டில் வருபவருக்கு எறிவதா என்பதைக் கடைசி நொடியில் முடிவு செய்வார். தடுப்பு ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தனக்கென ஒதுக்கிய ஆளை மட்டும் கவனிக்க வேண்டும், பந்தைத் துரத்தினால் போச்சு. அதற்கென்றே தனிப் பயிற்சி தேவை. அந்த வாரத்துக்கு அடுத்த சனிக்கிழமை பலமான எதிரணி இருந்தால், அதுதான் சறுக்கும் இடம். பெரிய வெற்றிக்கு அடுத்த வாரம் பெயர் தெரியாத அணி வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பர் 7 அப்படிப்பட்ட சனிக்கிழமைதான்.

நேரம்: அங்கே சனிக்கிழமை பகல் 12 மணி ஆட்டம் நமக்குச் சனி இரவு 9.30. மாலை 3.30 ஆட்டம் ஞாயிறு அதிகாலை 1 மணி. இரவு 7.30 ஆட்டம் ஞாயிறு காலை 5 மணி. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் திருப்புவதால் அதன்பின் எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஓர் ஆட்டம் இடைவேளையெல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரம் இழுக்கும். இரவு ஆட்டங்களைத் தேர்ந்துகொண்டால், தூங்கி எழுந்து காபியோடு பார்க்கலாம்.